திங்கள், புதன், வெள்ளி

முனிசாமி மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகாமல் டிரைவரானார். 1999இல் பல்கலைக்கழகத்தின் கடற்கரை ஆய்வுக்கு ஜீப் ஓட்டினார். மூன்று துறைகள் சேர்ந்த ஆய்வு, ஜீப் ஒன்றுதான். திங்கட்கிழமை கரை அரிப்பை அளப்பவர்கள், புதன்கிழமை கிணற்று நீரைச் சோதிப்பவர்கள், வெள்ளிக்கிழமை டாக்டர்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரே குப்பத்துக்குத்தான் எல்லோரும் போனார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அந்தக் குப்பத்தில்தான் முனிசாமியின் மகள் ஸ்ரீதேவி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. அதனால் பின்சீட்டுப் பேச்சு அவர் காதில் தானாக விழுந்தது. கடல் ஒரே வருடத்தில் பதினோரு மீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்றார்கள் ஒரு திங்களன்று. கிணற்றில் உப்பு இரட்டிப்பாகிவிட்டது என்றார்கள் புதனன்று. வெள்ளிக்கிழமை லேடி டாக்டர் சொன்னார்: "மாசமா இருக்கிற ஒன்பது பேர்ல அஞ்சு பேருக்கு பிரஷர். காரணமே புரியல."

முனிசாமி வண்டியை ஓரங்கட்டினார்.

"டாக்டரம்மா, அந்தக் கெணத்துத் தண்ணி உப்பாயிடுச்சின்னு புதங்கெழம வர்றவங்க சொல்லிக்கினு கீறாங்களே. அதுவா இருக்குமா?"

"புதன்கிழமை யார் வர்றாங்க?" என்றார் டாக்டர்.

மறுநாளே முனிசாமி திட்டத் தலைவர் பக்தவத்சலத்தின் அறைக்குப் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி. மூணையும் சேர்த்துப் பார்க்கிறது கடைசி வருஷ வேலை. 2002ல செய்வோம்."

"அதுவரிக்கும் அவங்க இன்னா சார் குடிப்பாங்கோ?"

பக்தவத்சலம் அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். "காலங்காலமா குடிக்கிற தண்ணி, இப்ப இன்னா ஆயிடும்?" என்றாள் சம்பந்தியம்மா ஜெகதாம்பாள். ஸ்ரீதேவியின் கால்கள் வீங்கியிருந்தன. கையோடு தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அடுத்த வெள்ளியிலிருந்து ஜீப்பில் இரண்டு கேன் நல்ல தண்ணீரும் போனது. ஆபீஸ் வண்டியில் சொந்தச் சரக்கு ஏற்றக் கூடாது என்று மூன்றாம் வாரம் மெமோ வந்தது.

ஸ்ரீதேவிக்கு எடை குறைந்த பெண் குழந்தை பிறந்தது, இருவரும் பிழைத்தார்கள். அந்த ஐந்து பேரில் தனகோடி என்ற பெண், வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஜீப் ஷெட்டில் நின்றது.

குழந்தைக்கு மூன்றாம் மாதம், மருமகன் வந்து கூப்பிட்டபோது ஸ்ரீதேவி கிளம்பினாள்.

"அங்க போவாத கண்ணு."

"வேற எங்க நைனா போறது? அவுரு படகு அங்கதான கீது."

2002இல் ஒருங்கிணைந்த அறிக்கை அச்சாகி வந்தது. கிணற்றுக்கும் பிரஷருக்கும் தொடர்பு இருக்கலாம், குழாய்த் தண்ணீர் தரலாம் என்று அதில் எழுதியிருந்தது. குழாய் வரவில்லை. ஸ்ரீதேவி மறுபடியும் ஆறு மாதம்.