அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா

கனடாவில் நானும் அண்ணாவும் வாடகைக்கு இருந்த ஸ்காபரோ பேஸ்மென்டின் சொந்தக்காரி, எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. ஒருநாள் மேலே அவரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “உங்கள் அம்மா யாருடைய மகள்?” என்று கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் கதவு முழுதாகத் திறக்குமுன்பே வரும் கேள்வி அது. அவருக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். அம்மா இங்கிலாந்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தனியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். புறப்பட்ட காலையில் தகப்பன் வாசலுக்கு வரவில்லை. பிறகு கடிதமும் இல்லை. “வீட்டில் என் பெயரையே அழித்துவிட்டார்கள்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“அது உண்மையா என்று மட்டும் தெரிந்தால் போதும்” என்றார் வீட்டுக்காரி. கோப்பைகளைக் கழுவப் போனவர், குழாயைத் திறக்காமலே நின்றார்.

நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். எனக்கு இருபது வயது. எதையும் ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு.

ஐந்து மாதம் போனது. பழைய கப்பல் பட்டியல்களை மைக்ரோஃபில்மில் தருவித்துத் தரும் ஒரு வாசிப்பறைக்குச் சனிக்கிழமை தோறும் போனேன். சுருளைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து வலித்தது.

அண்ணா விடவில்லை. “உன்ர அசைன்மென்டுக்கு லைப்ரரிக்குப் போகச் சொன்னா வெளியில ஸ்னோ எண்டுவாய். உவவின்ர அம்மான்ர தேப்பனைத் தேட மட்டும் ரெண்டு பஸ் மாறிப் போறாய்.”

“ஓம், போறன். சோறு அடுப்பில. நீயே இறக்கி வை.”

கடைசியில் பட்டியல் கிடைத்தது. ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவு யார் என்ற கட்டத்தில் தகப்பனின் பெயர், ஊர், தெரு. அம்மாவே சொல்லி எழுதுவித்தது. ஆனால் அவள் அவரை மறக்கவில்லை என்பதைத்தான் அது சொன்னது. அவர் அவளை என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

அதற்கு மேல் வழி தெரியாமல் இருந்த நாட்களில் பக்கத்திலுள்ள அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனோம். அண்ணா மீன் வெட்டுவிக்க, நான் இலவசப் பத்திரிகையைப் புரட்டினேன். மரண அறிவித்தல் பக்கம். ஊரில் யாரோ ஒரு பெரியவர். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் கனடா, ஜேர்மனி, லண்டன்.

“அண்ணா, ஆள் செத்திருப்பார்!” என்று கத்தினேன்.

மீன் வெட்டியவர் கத்தியை நிறுத்தினார். “ஆர் பிள்ளை?”

“அது ஒண்டுமில்லை அண்ணை. உவளின்ர வெள்ளைக்காரச் சொந்தம்” என்றான் அண்ணா.

அந்தப் பக்கத்தை வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டி, எது பெயர், எது நாடு என்று விளக்கினேன். பிறகு, அந்தத் தகப்பனின் மரண அறிவித்தல் கிடைக்குமா என்று கேட்டு, பட்டியலில் இருந்த இங்கிலாந்து ஊரின் நூலகத்துக்கு எழுதினேன். உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய பிரதிகள் உண்டு, ஆனால் எந்த ஆண்டு என்று தெரியாமல் தேட முடியாது என்று பதில் வந்தது. சரி என்று, அவள் கப்பலேறிய ஆண்டிலிருந்து தொடங்கி, ஒரு கடிதத்துக்கு ஓர் ஆண்டு வீதம் கேட்டேன். கிழமைக்கு ஒரு கடிதம். பதினான்காவதுக்குப் பிறகு தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு குறிப்பு: “தயவுசெய்து இனி எழுத வேண்டாம். கிடைத்துவிட்டது.” கூடவே அந்த மரண அறிவித்தலின் போட்டோக்கொப்பி.

சப்பாத்தைக் கழற்றாமலே மேலே ஓடினேன்.

நான்கு பிள்ளைகள். மூத்த மகன். அடுத்து அம்மாவின் பெயர், அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா. பிறகு இரண்டு தம்பிமார்.

வீட்டுக்காரி வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

“பிறந்த வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள்” என்றார். பிறகு கோபமாக, “யாராவது அம்மாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.”



அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பென்சில் எடுத்தார். அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்த மெல்லிய இடைவெளியில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, கனடா என்று எழுதி, கவனமாக மூடினார்.