கொடிக்கு அப்பால் நிற்கச் சொன்னவன்

அந்த மனிதரைச் சிவப்புக் கொடிக்கு அப்பால் நிற்கச் சொன்னவன் நான்தான். அவர் செத்துப்போனார். அதைவிடப் பெரிய பாவத்தை அதற்குப் பிறகு செய்தேன்... ஒழுங்காகச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் சொந்த ஊர் மார்த்தாண்டம். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பூவாரில் புகைப்படம் எடுத்துப் பிழைத்தேன். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே தீவுபோல் கிடக்கும் மணல்திட்டுக்குப் படகில் வரும் பயணிகள்தான் எனக்குச் சோறு போட்டார்கள்.

கடலுக்கு முதுகு காட்டாதே என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். என் தொழிலோ ஆட்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவது! பின்னால் பெரிய அலை எழும்பும்வரை காத்திருந்து பொத்தானை அமுக்குவேன். அலை எவ்வளவு பெரிதோ, படத்துக்கு அவ்வளவு கிராக்கி.

அன்று கடல் மோசம். லைஃப்கார்டு கொடியை நட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். கொடிக்கம்பு படத்துக்குள் வந்து அழகைக் கெடுத்தது. அதைத் தாண்டிப் போய் நிற்கச் சொன்னேன்.

“செவப்புக் கொடி வச்சிருக்கே, அண்ணா?” என்றாள் அந்தப் பெண்.

“அது நீந்துறவங்களுக்கு உள்ளது, மக்களே. முட்டளவு தண்ணியில நிக்கதுக்கு என்ன பயம்?” என்றேன். வயதில் சின்னவர்களை எங்கள் ஊரில் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம்.

முட்டளவுதான். ஆனால் அடியில் இழுப்பு இருந்தது... எனக்குத் தெரியும்! முதலில் இருவரையும் எடுத்தேன். பிறகு கணவரை மட்டும் இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன். நான் காத்திருந்த அலை வந்தது. அது திரும்பிப் போனபோது அவர் அங்கே இல்லை.

லைஃப்கார்டு ஓடிவந்து குதித்தார். வெகுநேரம் கழித்து உடலைத்தான் கொண்டுவர முடிந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் வடக்கே கண்ணூர்க்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது. அவளுக்கோ மலையாளம் தெரியாது. இரண்டும் தெரிந்த என்னைக் கூப்பிட்டு, அவள் சொல்வதைச் சொல்லச் சொன்னார்.

“இந்த அண்ணன்தான் அங்க நிக்கச் சொன்னாங்க... நின்னோம்,” என்றாள். குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘இந்தப் போட்டோக்காரர் வேண்டாமென்று தடுத்தாராம், கணவர்தான் கேட்கவில்லையாம்’ என்று மலையாளத்தில் சொன்னேன். நாக்குக் கூசவில்லை. பயம்... ஜெயில் பயம்!

“சொல்லிட்டீங்களாண்ணா?”

“சொல்லியாச்சு, மக்களே.”

அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாலையில் ஸ்டேஷனுக்கு, இறந்தவரின் அண்ணன் வந்து சேர்ந்தார். “நீ தன்னே பறஞ்ஞு கொடு,” என்றார் போலீஸ்காரர் என்னிடம். நடந்ததை அவருக்கு நானே எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இனி அதே பொய்யைத் தமிழில் சொல்ல வேண்டும், அவள் காதுபட! உண்மையைச் சொல்லக் கடவுள் இன்னொரு முறை கேட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய்யைத்தான் சொன்னேன்...

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். “வேணாம்னு சொல்லியுமா போனான்? நீ புடிச்சு நிறுத்தக் கூடாதா, பாவி?”

அவள் என்னைப் பார்த்து, “அண்ணா...” என்று மட்டும் சொன்னாள்.

நான் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்துவிட்டேன்.

இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்லி என்ன? எங்கோ ஒரு வீட்டில் அவள் இன்னமும் புருஷனைத் தடுக்காதவளாகத்தான் வாழ்ந்துகொண்டிருப்பாள்.