அடித்தட்டுத் தெய்சியாஸ்

உள்ளங்கை நிறைய ஆட்டுக்கொழுப்பை எடுத்துத் துடுப்பு வலிக்கும்போது உட்காரும் தன் தோல்திண்டின் அடியில் தேய்த்துக்கொண்டிருக்கிறான் தெய்சியாஸ். தையல் ஓடும் இடங்களில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுகிறான். வெயில் இறங்கும் முற்றத்தில் இந்த வேலை நடக்கும்போதெல்லாம் அவன் மனைவி மெலித்தா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவனைத் தாண்டிப்போவாள்.

"சமையலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. உங்க பின்பக்கத்துக்கு மட்டும் கொழுப்பு பூசியாகணும்."

"அது வழுக்கினாத்தாண்டி நான் முன்னயும் பின்னயும் போக முடியும். நான் போனாத்தான் கப்பல் போகும். கப்பல் போகலன்னா இந்த ஏதென்ஸே கிடையாது, தெரியுமா?"

"அப்ப ஏதென்ஸைக் கூப்பிட்டுக் கிணத்துல தண்ணி எடுத்துட்டு வரச்சொல்லுங்க."

மூன்றடுக்குக் கப்பலில் அடித்தட்டுத் துடுப்புக்காரன் அவன். பதினெட்டு வருஷமாக இடப்பக்கம், பின்னாலிருந்து ஒன்பதாவது இடம். தோளில் துடுப்பு, அக்குளில் திண்டு, கழுத்தில் துடுப்பைக் கட்டும் தோல்வார் என்று அவன் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி வந்தால் கடைக்காரர்கள் பானைகளை உள்ளே இழுத்துவைப்பார்கள். திரும்பும்போது துடுப்பும் கூடவே திரும்பும் என்பது அவனுக்கு நினைவிருக்காது. வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவான். தூரத்தை இழுப்புக் கணக்கில் சொல்வான். சந்தை அவனுக்கு எண்ணூறு இழுப்பு, மாமனார் வீடு ஆறாயிரம். தூக்கத்திலும் தோள் அசையும். "நீங்க படுக்கையில வலிச்ச வலிக்கு நான் இந்நேரம் சிசிலி போய்ச் சேர்ந்திருக்கணும்" என்பாள் மெலித்தா.

துடுப்புக்காரன் போகும் திசையைப் பார்ப்பதில்லை. அடித்தட்டுக்காரன் எந்தத் திசையையும் பார்ப்பதில்லை. அவன் முகத்துக்கு நேரே நடுத்தட்டுக்காரனின் இருக்கை. தெய்சியாஸுக்கு மேலே உட்கார்ந்தவன் மிகியோன். அவன் வியர்வை இவன் தலையில் சொட்டும். வியர்வை மட்டும் வந்தால் அது நல்ல நாள். "எகிப்து பாத்தேன், திரேஸ் பாத்தேன்னு சொல்றானுங்க. நான் பாத்ததெல்லாம் இவனோட பின்னாடிதான். அதுல எங்க மச்சம் இருக்குன்னு இவன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது" என்று மதுக்கடையில் சொல்லுவான். மிகியோன் கோபித்துக்கொள்ள மாட்டான். "தெரிஞ்ச ஊரைத்தானே சொல்ல முடியும்" என்று கிண்ணத்தை நீட்டுவான்.

கப்பலேறும்போது நாலு சொட்டு மதுவைக் கடலில் விடுவதுண்டு. மற்றவர்களைப் போலப் பொசைடனிடம் காற்று கொடு, கரை கொடு என்று அவன் கேட்பதில்லை. "நூத்தியெழுபது பேர் வலிக்கிறோம். மேல முப்பது பேர் சும்மா வர்றாங்க" என்று தகவல் மட்டும் சொல்லுவான். கடலாளும் தெய்வத்துக்கு ஆயிரம் ஜோலி. யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவைப்பது மரியாதை என்பது அவன் எண்ணம்.

மக்கள் சபை கூடும் நாட்களில் அவனும் மிகியோனும் விடியும் முன்பே, துறைமுகத்திலிருந்து நகரம் வரை ஓடும் நெடுஞ்சுவர்களுக்கு நடுவிலுள்ள பாதையில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பார்லி ரொட்டி, இரண்டு வெங்காயம், ஒரு கைப்பிடி உலர்ந்த அத்தி. சபை கூடும் குன்றின் மேல் எப்போதும் ஒரே இடம், வலது ஓரம், மேடையிலிருந்து தள்ளி. பன்றியைப் பலிகொடுத்துச் சபையைச் சுற்றி வருவார்கள். பிறகு கட்டியக்காரன் உரத்த குரலில், "பேச விரும்புகிறவர் யார்?" என்று கேட்பான். குடிமகன் எவனும் எழுந்து பேசலாம். ஆனால் அந்தக் கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று தெய்சியாஸுக்குப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை. போன இலையுதிர்காலத்தில்தான் தோன்றியது.

வடக்கே ஒரு தீவில் ஏதென்ஸின் காவற்படை முற்றுகையில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முந்நூறு பேர். அவர்களில் ஒருவன் மிகியோனின் தம்பி ஈயோன். உடனே பன்னிரண்டு கப்பல்களை அனுப்ப வேண்டும் என்று தெமோனிகோஸ் தீர்மானம் கொண்டுவந்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளை, வெண்கலத்தைத் தட்டினாற்போன்ற குரல். உள்ளே இருப்பவர்கள் கோவேறு கழுதைகளை அறுத்துத் தின்கிறார்கள் என்று அவன் சொன்னபோது மிகியோன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பேச விரும்புகிறவர் யார்?"

தெய்சியாஸ் எழுந்தான். மிகியோன் அவன் துணியைப் பிடித்து இழுத்தான். "டேய், உக்காருடா. எங்கடா போற?" அதற்குள் அவன் நடந்துவிட்டிருந்தான். பேசுகிறவனுக்கு வைக்கும் மலர்வளையத்தைக் கட்டியக்காரன் தலையில் வைத்தபோது பழக்கத்தில் குனிந்தான். அப்படியே நின்றான்.

"நிமிருடா! மேல பலகை இல்ல!" என்றது ஒரு குரல். குன்று முழுக்கச் சிரிப்பு.

"நான் அடித்தட்டுல வலிக்கிறவன்," என்றான். "பன்னெண்டு கப்பல்னு சொல்றாங்க. அதுல அஞ்சைக் கோடை பூரா கரையில ஏத்தவே இல்ல. காயவைக்கல. பலகை ஊறிக்கிடக்கு, புழு துளைச்சிருக்கு. கோடை ஆரம்பத்துல என் பாதம் நனைஞ்சுது. திராட்சை அறுக்கிறப்போ கணுக்கால். இப்ப உக்காந்தா ஆடுசதை வரைக்கும் தண்ணி." துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினான். உப்பு அரித்த புண்கள் வளையம் வளையமாக இருந்தன.

"நாங்க பணம் குடுத்துக் குளிக்கிறோம், உனக்கு ஓசியில கிடைக்குது!" மறுபடியும் சிரிப்பு.

"போக வேணாம்னு சொல்லல. இருபது நாள் காயவச்சு, கீல் பூசிட்டுப் போவோம். அவ்வளவுதான்."

தெமோனிகோஸ் சிரிக்கவில்லை. அவன் கெட்டவனும் இல்லை. "இருபது நாளில் கார்த்திகை மீன்கள் மறைந்துவிடும், கடல் மூடிவிடும். அதற்குள் அங்கே இருப்பவர்கள் கேடயத்தின் தோலைப் பிய்த்துத் தின்பார்கள். இந்த மனிதரின் கால் ஈரத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் முந்நூறு உயிரை என்ன செய்வது?"

தெய்சியாஸ் வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பக்கத்தில் முதல் ஆளாக உயர்ந்த கை மிகியோனுடையது. இவன் முகத்தைப் பார்க்காமலே அவன் கேட்டான்: "என் தம்பிடா. உனக்கு உன் கால்தான் பெருசாப் போச்சா?"

காய்ந்திருந்த ஏழு கப்பல்களை மட்டும் முதலில் அனுப்பலாம் என்ற யோசனை, சுவர்ப்பாதையில் பாதித் தூரம் தனியாக நடந்த பிறகுதான் அவனுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தான். குன்று காலியாகியிருக்கும். வீட்டில் மெலித்தாவிடம் மட்டும் சொன்னான்.

"அதை அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப வரலடி."

"சரி, இந்தத் தடவை போகாதீங்க. அந்தக் கப்பல் ஓட்டைன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு அதுலயே போய் உக்காருவீங்களா?"

"மேல மிகியோன் இருப்பான். கீழ வேற எவனாவது உக்காந்தா அவனுக்குத் தாளம் தப்பும்."

கப்பல் கிளம்பி மூன்று நாட்கள் மிகியோன் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் நடுப்பகலில், யூபோயாவின் முனை தாண்டும்போது, தெற்கிலிருந்து காற்று திரும்பியது. முழங்காலில் தண்ணீர் பட்டதும் தெய்சியாஸ் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் முன்பக்கப் பலகைகள் வாய் பிளந்தன. அடித்தட்டிலிருந்து வெளியேற வழியென்று ஒன்றும் கிடையாது. மேலே இருக்கிறவன் நகர்ந்தால்தான் உண்டு. மிகியோன் நகர்ந்தான். நகர்ந்ததோடு நிற்காமல் கையைக் கீழே விட்டான். "புடி" என்றான். அவ்வளவுதான் பேசியது.

ஒரே துடுப்பைத்தான் இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் மீன்பிடிப் படகொன்று வந்தபோது ஒரு முனையில்தான் ஆள் இருந்தது.

ஊறிக்கிடந்த ஐந்தில் மூன்று உடைந்தன. மற்றவை திரும்பி வந்தன. அந்தக் குளிர்காலத்தில், போரில் செத்தவர்களின் எலும்புகளைக் குலவாரியாகப் பெட்டியிலிட்டு ஊர் சுமந்தபோது, உடல் கிடைக்காதவர்களுக்காகத் துணி விரித்த வெறும் பாடை ஒன்றும் போனது. மிகியோன் அதில்தான் போனான். தெய்சியாஸ் ஒரு மூலையில் தோள் கொடுத்தான். கனமே இல்லாத அதைச் சுமக்கத் தெரியாமல் இரண்டு முறை தடுமாறினான்.

முற்றுகை தானாகவே கலைந்தது. குளிர் தாங்காமல் எதிரிகள் போய்விட்டார்கள். வசந்தத்தில் ஈயோன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அண்ணனின் சேதி கேட்டவன் நேரே தெய்சியாஸ் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான். மெலித்தா மூன்று கிண்ணம் கஞ்சி ஊற்றினாள். மூன்றையும் குடித்தான்.

"நீங்க எந்திரிச்சுச் சொன்னீங்களாமே அண்ணே. துறைமுகத்துல எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தன்கூடக் கேக்கலியாமே."

"கேட்டாங்க, கேட்டாங்க."

"எங்கண்ணன் என்ன சொன்னான்?"

தெய்சியாஸ் எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தான். அவன் கிண்ணம் கழுவி மெலித்தா அதுவரை பார்த்ததில்லை. "உன் பேரைச் சொன்னான்" என்றான், திரும்பாமல்.

போன வாரம் சபை கூடியது. மக்களை ஏமாற்றிக் கப்பல்களை அனுப்பவைத்தான் என்று தெமோனிகோஸ் மீது குற்றச்சாட்டு. கைகள் உயர்ந்தால் வழக்கு மன்றத்துக்குப் போகும். மன்றத்தில் அவன் தலையே போகலாம். மேடையடியில் தெமோனிகோஸ் நின்றிருந்தான், குரல் இல்லாதவன் மாதிரி. போன இலையுதிர்காலத்தில் சிரித்தவர்கள் இப்போது தெய்சியாஸுக்கு வழிவிட்டார்கள். ஒருவர் தன் ஆட்டுத்தோலைத் தரையில் விரித்து, "இங்க வாங்க, இங்க உக்காருங்க" என்றார். அவன் வழக்கமான ஓரத்துக்கே போனான். கூடவே ஈயோன்.

"பேச விரும்புகிறவர் யார்?"

இருநூறு தலைகள் அவன் பக்கம் திரும்பின. "அடித்தட்டு, எந்திரிப்பா!" "உன் காலைக் காட்டுப்பா!" இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தெய்சியாஸ் உட்கார்ந்தே இருந்தான். கட்டியக்காரன் இரண்டாம் முறையும் கேட்டான். பிறகு வேறு யார் யாரோ பேசினார்கள்.

வாக்கெடுப்பு வந்தது. குன்றெங்கும் கைகள் எழும்பின. ஈயோனின் மெலிந்த கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

"தூக்குங்கண்ணே. எங்கண்ணனுக்காகத் தூக்குங்க."

தெய்சியாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். போன இலையுதிர்காலத்தில் இதே ஓரத்தில் முதலில் உயர்ந்தது இவன் அண்ணனின் கை. பிறகு, காய்ப்பேறிய இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டான்.