பின்னலை அவிழ்க்க வைத்த கேசட்

புதுவாயல் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரர் நசுங்கிய லாரி டீசல் டேங்கைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். டங், டங், டங். அந்தப் பாழாய்ப்போன கேசட்டின் டிரம் சத்தமேதான்.

அந்தக் கேசட் வந்தபோது நாங்கள் கவரைப்பேட்டையில் இருந்தோம். அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் வேலை. உலகமே கொண்டாடிய ஒரு மெட்டல் ராக் இசைக்குழுவின் மேல் எங்கள் இருவருக்கும் பைத்தியம். பல வருடம் கழித்து அவர்களின் புது ஆல்பம் வந்ததும், அண்ணன் ஷிப்ட் முடிந்த கையோடு ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கேசட்டை வாங்கி வந்தான்.

கிட்டார் தனியாக எகிறும்போது நான் தலையை விரித்துப்போட்டு ஆடுவேன். அன்றும் பின்னலை அவிழ்த்துவிட்டுக் காத்திருந்தேன். கிட்டார் எகிறவே இல்லை. காலி டின்னைத் தட்டும் டிரம், அதற்குமேல் தொண்டை கட்டியவனின் கத்தல். அத்தனையும் குப்பை.

"இன்னாடா, டப்பு குடுத்து இதயா வாங்கினு வந்த?" என்றாள் அம்மா.

"இரும்மா, அடுத்த பாட்டு நல்லா இருக்கும்" என்றான் அண்ணன். ஒவ்வொரு பாட்டுக்கும் அதையே சொன்னான். கடைசிப் பாட்டும் முடிந்த பிறகு என்னைப் பார்க்காமலே முனகினான்:

"நாள் பூரா மில்லுல இந்த சத்தத்ததான கேட்டுக்கினு கீறேன்."

நான் தலையைத் திரும்பப் பின்னிக்கொண்டேன்.

"இன்னாக்கா, சத்தம் பேஜாரா கீதா?" என்றார் பட்டறைக்காரர், நான் முகம் சுளிப்பதைப் பார்த்து.

"நீங்க தட்டுங்கண்ணா. இதுல டேங்காவது நேராவுது."