ஆறாம் வகுப்பு இறந்தகாலம்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று காலங்கள்தான் இருந்தன. நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது. அதற்கு மேலும் சில காலங்கள் அந்த மொழியில் ஒளிந்திருக்கின்றன என்று டீச்சர் சொல்லவில்லை. புத்தகத்தின் பின்பக்கங்களில் அவை இருந்தன. ஆனால் அவை எங்களுக்குப் பாடமில்லை என்று பென்சிலால் குறுக்கே கோடு போடச் சொல்லிவிட்டார்.

டி. கல்லுப்பட்டியில் இருந்தது பள்ளிக்கூடம். எங்கள் ஊரிலிருந்து பருத்திக் காட்டுக்குள் இறங்கி நடந்தால் முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரலாம். டீச்சர் மரஸ்கேலால் மேசையைத் தட்டத் தட்ட, நாங்கள் கோ, வென்ட், கான் என்று கோரஸாகச் சொல்ல வேண்டும். தட்டுவதும் சொல்வதும் ஒன்றுசேராவிட்டால் ஸ்கேல் மேசையை விட்டுவிட்டு எங்கள் விரல் முட்டிக்கு வரும். அந்தப் பயத்தில் நான் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்களுக்காக அவர் ஒரு சுருக்கு வழியும் வைத்திருந்தார். "வார்த்தை கடைசில 'ட்'டுன்னு சத்தம் கேட்டா காரியம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இனி யாராலயும் அத மாத்த முடியாது." பிளே, பிளேய்ட். வாஷ், வாஷ்ட். டை, டைட் வந்தபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி, இறந்ததுக்கே இறந்தகாலமா என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சரின் உதடும் கொஞ்சம் கோணியது. அந்தச் சொல் அப்படித்தான் எனக்குள் அழியாமல் உட்கார்ந்தது.

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அதனால் என் ஆங்கிலத்தின் மேல் அவளுக்கு அளவில்லாத நம்பிக்கை. உரச்சாக்கில் இருப்பதையும் சோப்பு உறையில் இருப்பதையும் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பாள். தெரியாத வார்த்தை வந்தால் நானாக ஏதாவது சொல்லிவைப்பேன். அந்த ஊரில் என்னைத் திருத்த ஆள் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதக் காலையில், மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போன அப்பா, வாய்க்கால் புல்லில் கால் வைத்தார். களம் வரைக்கும் தானாகவே நடந்து வந்தார். "ஏதோ போட்டுருச்சுண்ணே" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியப்பா போய் அடித்துக் கொண்டுவந்து காட்டியது கண்ணாடி விரியன். அதற்குள் அப்பாவின் கால் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. பக்கத்து ஊரில் மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடம் கொண்டுபோகலாம் என்று நாலு பேர் சொல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் என்று பெரியப்பா கத்த, அந்த வாக்குவாதத்திலேயே கொஞ்ச நேரம் போய்விட்டது. கடைசியில் பருத்தி மூடை ஏற்றிக்கொண்டு வந்த லாரியை மறித்து, அப்பாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பெரியப்பா கிளம்பிவிட்டார். எங்களுக்கு அதில் இடமில்லை.

நான் பாவாடை சட்டையோடு பைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்த அம்மா என் கையிலிருந்த பையை வாங்கித் தொப்பென்று கீழே வைத்தாள்.

"பள்ளிக்கூடம் கெடக்கட்டும். எங்கூட வா. பெரியாஸ்பத்திரில அம்புட்டுப் பேரும் இங்கிலீசுலதான் பேசுவாகளாம். எனக்கு என்னத்தத் தெரியும்? நீ இருந்தாத்தான் தெகிரியம்."

அப்பாவுக்குப் பாம்பு கடித்ததைவிட, அந்த நேரத்தில், அம்மா சொன்ன இந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருந்தது. சோப்பு உறையில் அளந்துவிட்டதெல்லாம் ஒன்றாகத் திரண்டு என்னைக் கேள்வி கேட்க வருவதுபோல இருந்தது.

நாங்கள் ஏறிய பஸ் போனபோது திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி பீடி பற்றவைத்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அழவில்லை. மடியில் தூக்குச்சட்டியை வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அதில் எதுவும் இல்லை. காலியாகவே எடுத்து வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாம்பு கடித்து வந்தவர் உள்ளேதான் இருக்கிறார், ஆனால் இப்போது யாரையும் விட முடியாது என்றார். பெரியப்பாவைக் காணவில்லை. வெளியே வந்த நர்சிடம் அம்மா கேட்டதற்கு, "டாக்டர் பாத்துட்டு இருக்காரும்மா, வந்து சொல்வாரு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். லோஷன் வாடை மூக்கை அறுத்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எழுந்தாள். மூடும்போது உட்கார்ந்தாள்.

ஒரு தடவை கதவு திறந்தபோது தலை நரைத்த டாக்டர் ஒருவர் வந்தார். அவரைச் சுற்றி இளம் டாக்டர்கள் நாலைந்து பேர். அம்மா கும்பிட்டபடி முன்னால் போய் நின்றாள். "ஐயா, பாம்பு கடிச்சுக் கொண்டாந்தவுக... கல்லுப்பட்டிப் பக்கம்..."

"நீங்கதான் சம்சாரமா? உக்காருங்க, நர்ஸ் வந்து சொல்வாங்க" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அதற்குள் இளம் டாக்டர் ஒருவர் என்னவோ கேட்க, நடந்துகொண்டே அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நீளமான ஒரு வாக்கியம். அம்மா என் தோளை அழுத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து கடைப் பலகைகளைப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வந்து போயின. ஸ்னேக் என்றார். ஹாஃப் அன் அவர் என்றார். லேட் என்றார். பிறகு ஹி என்றார். ஹி என்றால் அப்பா. அதற்குப் பிறகு சின்னதாக இரண்டு வார்த்தைகள் காதில் தட்டாமல் நழுவின. கடைசி வார்த்தை மட்டும் மணியடித்தது போலக் கேட்டது.

டைட்.

ட் சத்தம் தெளிவாகவே கேட்டது. நான் வகுப்பில் மக்காக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. லேட்டாகக் கொண்டுவந்தார்கள், அப்பா செத்துப்போனார். காரியம் முடிந்துவிட்டது, இனி யாராலும் மாற்ற முடியாது.

"என்னத்தா சொன்னாக?"

அம்மாவின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. மூக்குத்திக்குப் பக்கத்தில் வியர்வை. நெற்றியில் குங்குமம் பாதி கரைந்திருந்தது. போன வருஷம் தெற்குத் தெரு அத்தைக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வளையலை உடைத்ததை நான் தூண் மறைவிலிருந்து பார்த்திருந்தேன். அந்தச் சத்தம் எனக்கு இப்போது கேட்டது.

"மருந்து குடுத்திருக்காகளாம்மா" என்றேன். "கொஞ்ச நேரம் ஆகுமாம்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு "சரி" என்றாள். டாக்டர் வேறென்ன சொன்னார் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இங்கிலீஷ் படித்த மகளின் வாக்கல்லவா.

"ஒங்கப்பா முழிச்ச ஒடனே பசிக்குதும்பாரு. வா, பால் வாங்கிட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் தூக்குச்சட்டியை நீட்டினாள். "சீனி கம்மியாப் போடுங்கண்ணே. அவுகளுக்கு இனிப்பு சேராது" என்றாள். உள்ளே எல்லாம் முடிந்து கிடக்கிறது, இவள் இன்னும் அப்பாவை நிகழ்காலத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். பால் கொதித்துக்கொண்டிருந்ததால், நன்றாக ஆற்றித் தரச் சொல்லி வாங்கினாள். எனக்கு ஒரு பன் வாங்கிக் கையில் திணித்து, தின்னு என்றாள். கடித்தேன். அது வாய்க்குள்ளேயே பஞ்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி பெஞ்ச். நேரம் நகரவில்லை. கதவு திறந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. தலையோடு சேர்த்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், மூட முடியவில்லை. விரலில் மெட்டி இருந்தது. யாரோ ஒரு பெண். என்னை அறியாமல் மூச்சு விட்டேன். அதே நேரத்தில் பக்கத்திலும் யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யார் அம்மாவிடம் சொல்லப்போகிறார்கள் என்பதே என் பயமாக இருந்தது. நர்சா, பெரியப்பாவா? அவர்கள் வருவதற்குள் நான் சொல்லிவிட வேண்டுமா? நான் சொல்லாத வரைக்கும் அம்மா இப்படியே இருப்பாள். வளையல் இருக்கும், குங்குமம் இருக்கும். நான் வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். கையிலிருந்த பன்னை இன்னும் சின்னதாகக் கடித்தேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை.

மனதுக்குள் அந்த வார்த்தையைத் திருத்திப் பார்த்தேன். டைட் வேண்டாம், டை என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வில் டை. எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், எதிர்காலமாக இருந்தால் போதும் என்று மீனாட்சி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று உடனே சந்தேகமும் வந்தது. அதையே தமிழிலும் ஒரு தடவை வேண்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா நடைக்கோடியிலிருந்து வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அப்பாவுக்கு ரத்தம் கொடுக்க அவரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"என்னத்தா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீக? அவன் அப்பவே கண்ணு முழிச்சுட்டான். இடுப்பு வேட்டியக் காணோம்னு நர்சம்மாகிட்டச் சண்டை போட்டுக்கிட்டிருக்கான்."

அம்மா எழுந்தாள். எழுந்தவள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தூக்குச்சட்டி சாய்ந்து கொஞ்சம் பால் தரையில் கொட்டியது. பிறகு அழுதாள் பாருங்கள். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. தலையில் அடித்துக்கொண்டு, பெரியப்பா எதிரே நிற்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்க அழுதாள். காக்கிச் சட்டைக்காரர் ஓடிவந்து அதட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழவேண்டியவள் நான். செத்தவர் பிழைத்து வந்தது எனக்குத்தான். மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டவள் எதற்கு இப்படி அழ வேண்டும்?

உள்ளே அப்பா கால் வீங்கி, கையில் குழாய் மாட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் இல்லையாத்தா இன்னைக்கு?" என்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசைவதைப் பார்ப்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எட்டாம் வகுப்பில், வேறொரு டீச்சர், 'இஃப்' என்று தொடங்கும் வாக்கியங்களைப் போர்டில் எழுதினார். அதில் வுட், ஹேவ் என்று இரண்டு சின்ன வார்த்தைகள் சேர்ந்து வந்தன. நடக்காமலே போனதைச் சொல்வதற்கு இது என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் காதில் தட்டாமல் நழுவிய இரண்டு வார்த்தைகள் இவைதான். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் செத்திருப்பார். அவ்வளவுதான் அந்த டாக்டர் சொன்னது. சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பெற்ற அப்பனை இங்கிலீஷில் கொன்றவள் என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அம்மா மட்டும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பா வயதாகி, படுக்கையிலேயே கிடந்து, நிதானமாகத்தான் போனார். அதற்கும் ரொம்ப நாள் கழித்து ஒரு மத்தியானம் என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

"நீ பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும்."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"ஒம் மூஞ்சியப் பாத்தேன். வெளுத்துப் போயிருந்துச்சு. அவுக போயிட்டாகன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"பிறகு எதுக்கும்மா பால் வாங்குனே? சீனி கம்மியாப் போடச் சொன்னியே?"

"நீ பயந்துருவியேன்னுதான்" என்றாள் அம்மா. "அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா சின்னப்புள்ள எப்படித் தாங்கும்? பெரியவக யாராச்சும் வார வரைக்கும் ஓட்டணும்ல."

அந்த பெஞ்சில் அவ்வளவு நேரமும் அம்மாவைப் பாதுகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.