பனிக்காட்டில் இருபத்தொன்பதாம் நாள்

கல்குவாரியை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். புருவத்தில் கல் தூசி அப்படியே இருந்தது. சானடோரியம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, “அண்ணே, தாம்பரம் இன்னும் மேலயா, கீழயா?” என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி ஆகாயத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “இன்னாபா மேல கீழ? ரோடு நேரா கீது. நேரா போ” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அங்கே இலங்கை மலைநாட்டில் இதை வாசிப்பவர்களுக்கு என் கேள்வி புரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இடம், வலம் என்று யாரும் வழி சொன்னதில்லை. கடை கீழே, கோயில் மேலே, ஆஸ்பத்திரி கீழேயோ கீழே. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். பதினாறு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தேன். கோத்தகிரியில் தேயிலை, திருப்பூரில் சாயம், கடைசியாகப் பல்லாவரத்துக்கு அப்பால் கல். பன்னிரண்டு வருடம் சுற்றி, சமதரைக்கு இறங்கிய பிறகும் வாய் மட்டும் சரிவிலேயே நின்றது.

குவாரியை விட்டதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. வெடி வைக்கும்போது எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு இரண்டு விரல் போயிற்று. மறுநாள் காலையில் அதே பாறையில் துளை போட என்னை அனுப்பினார்கள். நான் உளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். வேலை போனால் வேலை கிடைக்கும். எனக்குக் கிடைக்காதது கூரை. அந்த வருடங்களில் என் பேச்சைக் கேட்டதும், “சிலோனா?” என்று கேட்பார்கள். அதோடு வாடகைக்குக் கேட்ட வீடு ஏற்கெனவே வேறு ஆளுக்குப் பேசி முடிந்துவிட்டதாக ஆகிவிடும். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், கையில் இந்தியக் கடவுச்சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே அந்தக் கடவுச்சீட்டைக் காட்டினால், அதுதான் நான் வெளியாள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. ஆகவே நான் தேடியது தூங்க இடம் தரும் வேலை. அது எந்த வேலையானாலும் சரி.

சேலையூர்ப் பக்கம் வீடுகள் எழும்புகின்றன, சித்தாள் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாம்பரம் ரயில் பாதையைத் தாண்டிக் கேம்ப் ரோட்டில் நடந்தபோது, ஒரு கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் பனி பெய்வதைப் பார்த்தேன். சித்திரை மாத வெயில். தார் செருப்பில் ஒட்டியது. உள்ளே டிவி திரையில் வெள்ளை வெளேரென்று காடு. அதில் ஒரு குடிசை, குடிசையின் கூரையிலிருந்து புகை, தோல்சட்டை போட்ட ஒரு ஆள், அவன் கையில் துப்பாக்கி. திரையின் ஓரத்தில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வீடியோ ஆட்டத்தை ஆடியவர் கண்ணாடி போட்ட ஒருவர். அந்த ஆளை மானை நோக்கி நேராக ஓட்டினார். மான் மறைந்தது.

“அந்தப் பக்கமா போக வேணாங்க” என்றேன், வாசலில் நின்றபடி. “பொகையப் பாருங்க. காத்து ஒங்க முதுகுல அடிக்குது. மான் மணத்தைப் புடிச்சிரும்.”

உள்ளே இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். கண்ணாடிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்தார். அடுத்த மான் வந்ததும் திரையில் இருந்த ஆளைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓட்டினார். மான் நின்றது. சுட்டார். விழுந்தது.

“யோவ்!” என்று எழுந்தே விட்டார். “மூணு மாசமா இதைப் போட்டு உருட்டறேன், ஸ்மோக்கை ஒரு நாள் கூட கவனிக்கலையே!”

அவர் முரளி சார். பக்கத்துக் காலனியில் இருப்பவர், பள்ளியில் விஞ்ஞானம் சொல்லித் தருபவர். விடுமுறை நாளில் மனைவிக்கு லைப்ரரி என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்காருவார். கல்லாவில் இருந்தவர் தனபால், கடைக்காரர். அந்த ஊர்க்காரர், அப்பா நெல் போட்ட நிலத்தைப் பிளாட் பிளாட்டாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். விற்ற பணத்தில் நான்கு டிவியும் ஒரு பெட்டி கேசட்டும் வாங்கி வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தார்.

“எந்த ஊருபா நீ?” என்றார் தனபால்.

“கோத்தகிரிங்க.”

“கோத்தகிரி மாதிரி பேசலியே.”

“அதுக்கு முந்தி சிலோன்.”

அவர் முகத்தில் வழக்கமான அந்த யோசனை ஓடியது. முரளி சார் குறுக்கிட்டார். “அட விடுங்க தனபால். இந்த ஆள் உள்ள வந்து உக்காந்தா இந்த கேம் முடியும்.”

அந்தக் கேசட்டுக்கு அங்கே பனிக்காடு என்று பெயர். கதை எளிது. ஒருவன் தனியாகப் பனியில் மாட்டிக்கொள்கிறான். முப்பதாம் நாள் காலையில் படகு வரும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். பன்னிரண்டு தோட்டா, ஒரு கோடரி, கொஞ்சம் கம்பி. திரையின் மேலே இரண்டு கோடுகள்: ஒன்று பசி, ஒன்று குளிர். எந்தக் கோடு தீர்ந்தாலும் ஆள் விழுந்துவிடுவான். அந்தக் கடையில் ஒன்பது நாளைத் தாண்டியவர் இல்லை. விமானத்தைச் சுடும் ஆட்டத்தில் பழகிய கைகள். எது அசைந்தாலும் சுட்டுத் தள்ளினார்கள். ஒரு வெடிச் சத்தத்துக்கு இரண்டு நாள் மிருகம் வராது என்பதை யாரும் பார்க்கவில்லை. சலித்துப்போய் அந்தக் கேசட்டை முரளி சாரைத் தவிர யாரும் கேட்பதில்லை.

தனபாலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பிளாட் பார்க்க வருகிறவர்களோடு அவர் அலைய வேண்டியிருந்தது. கடையைத் திறந்து உட்கார யாருமில்லை. “மேல ஒரு ரூம் கீது. ஃபேன் ஓடாது, ஆனா ஒழுவாது” என்றார். “நீ இன்னா பண்ற, இந்த முப்பது நாள ஓட்டிக் காட்டு. ஜனம் பாத்தா தானா வரும். காட்டிட்டன்னா சாவி உன்னுது. காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்து ஆடிக்கோ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்.”

முதல் நாள் என் விரல்கள் என்னைத் தோற்கடித்தன. உளி பிடித்த கைக்கு அந்தப் பிளாஸ்டிக் பொத்தான் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆட்டத்தில் பதினோராம் நாள் ஓநாயிடம் மாட்டினேன். இரவில் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டு, தொடையின் மேல் கட்டைவிரலை வைத்து இடது, வலது, ஏ, பி என்று அமுக்கிப் பழகினேன். இரண்டாம் முறை தோட்டாவைத் தொடவே இல்லை. கம்பியை வளைத்துக் கண்ணி வைத்தேன். எங்கள் தோட்டத்தில் பன்றி தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் வைப்பது போலவே, முயல் தடம் குறுகும் இடத்தில் வைத்தேன். கறி சேர்ந்தது. ஆட்டத்தில் பத்தொன்பதாம் நாள் ஓடும்போது கரண்ட் போயிற்று. தெரு முழுக்கப் போயிற்று. திரும்பி வந்தபோது திரையில் முதல் நாள் பனி புதிதாகப் பெய்துகொண்டிருந்தது. “பேஜாரு புடிச்ச ஊருபா” என்றார் தனபால். பத்தொன்பது நாள் எப்படிப் போனதென்பது கைக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கரண்ட் கொண்டுபோக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஷயம் பரவியிருந்தது. பெஞ்சில் இடமில்லை, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார்கள், ரோட்டில் சைக்கிளை நிறுத்தியும் பார்த்தார்கள். திரையில் இங்கிலீஷில் எதுவும் வந்தால் படித்துச் சொல்ல முரளி சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், இருபதாம் நாள். “சிலோன், மான் போவுது சுடு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “அவன் சுட மாட்டான்டா, கூப்டு வச்சு பேசி அனுப்புவான்” என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது. இருபத்தைந்தாம் நாள் பரணில் ஆறு துண்டு கறி தொங்கியது. மீதி நாள்களை வீட்டுக்குள்ளே உட்கார்ந்தே கழிக்கலாம். தனபால் சாவிக் கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையின் மேல் வைத்தார்.

இருபத்தாறாம் நாள் குடிசையின் கதவு தட்டப்பட்டது. அதுவரை யாரும் அந்த நாளைப் பார்த்ததில்லை. ஆகவே அதில் என்ன வரும் என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. கதவைத் திறந்தால், கிழிந்த சட்டையோடு ஒரு ஆள் பனியில் நின்றான். கீழே எழுத்து ஓடியது. முரளி சார் படித்தார்: “பசிக்குதாம். ஏ அமுக்கினா இருக்கறதுல பாதி குடுக்கறோம். பி அமுக்கினா கதவை மூடிடறோம். பி அமுக்குங்க.”

“மூடுபா, மூடு” என்றார் தனபால்.

நான் ஏ அமுக்கினேன்.

யோசித்து அமுக்கினேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தில் ஞாயிறு வேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பன்றி விழுந்தால் காட்டு வாழை இலையைப் பரப்பி அங்கேயே கூறு போடுவோம். ஆளுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு, கடைசியாக ஆளில்லாத கூறு ஒன்று. கூறு போட்டு முடியும்முன் அந்த வழியாக யார் வந்தாலும் அது அவர்களுடையது. இரக்கத்தால் செய்ததல்ல. ஒருமுறை வேலைக்குப் போகாமல் காட்டில் இருந்த எங்களைத் தேடிக்கொண்டு, தோட்டத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளையே ஏறி வந்துவிட்டார். எங்கள் எல்லோர் பெயரையும் வெட்டிக் கூலியை நிறுத்தியிருக்கலாம். நாங்கள் அந்தக் கடைசி இலையை அவர் பக்கம் நகர்த்தினோம். அவர் இலையைப் பார்த்தார். பிறகு துண்டை விரித்துக் கறியைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பங்கு வாங்கியவன் காட்டிக்கொடுக்க மாட்டான். பங்கு கொடுக்காதவனை அடுத்த வேட்டைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். காடு என்றால் எனக்கு அதுதான். பெட்டிக்குள் இருந்த காடு வேறு விதமாகச் செய்யப்பட்டிருந்தது. வந்தவன் மூன்று துண்டை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வேட்டை என்று அங்கே ஒன்றும் கிடையாது.

இருபத்தேழாம் நாள் பனிப்புயல் தொடங்கியது. கதவைத் திறந்தால் குளிர்க்கோடு பாதியாகும். இருந்த கறியைக் காலையில் அரைத் துண்டு, மாலையில் அரைத் துண்டு என்று இழுத்தேன். கோடரியின் கைப்பிடியைக்கூட அடுப்பில் போட்டேன். புயல் விடாது என்று தெரிந்ததும் வெளியே இறங்கிக் கண்ணிகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் பனியில் மூடிக் கிடந்தன. இருபத்தொன்பதாம் நாள் விடியலில், குடிசைக் கதவுக்கு நாலடி தூரத்தில், என் ஆள் முழங்காலில் விழுந்தான். பனி அவனை மூடும்வரை நான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒரே ஒரு நாள்!” என்று முரளி சார் தலையில் கை வைத்தார். “பி அமுக்குங்கன்னு சொன்னேனே!” பிறகு தனபாலைப் பார்த்தார். “இருந்தாலும் இருபத்தொம்பது நாள் பெரிய விஷயங்க. நாளைக்கு பி அமுக்கி முடிச்சிடுவார். சாவியைக் குடுங்க.”

தனபால் சாவிக் கொத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கோபமில்லை. வியாபாரம் பேசுகிற குரலில்தான் சொன்னார். “இல்ல சார். ஆட்டம்லாம் சூப்பரா ஆடறாரு. ஆனா வந்து நின்னவனுக்கு பாதியத் தூக்கிக் குடுத்துட்டாரு பாரு. நாளைக்கு நான் இல்லாத நேரத்துல எவனாச்சும் வந்து பல்ல இளிச்சான்னா, ஓசில உக்கார வச்சு ஆட விட்ருவாரு. எனக்கு கடை நடக்கணும்பா.” என்னிடம் திரும்பினார். “தப்பா எடுத்துக்காத.”

“இல்லண்ணே” என்றேன். அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. நான் அப்படித்தான் செய்திருப்பேன். எழுந்தபோது கால் மரத்திருந்தது. ரோட்டில் இறங்கி, கிழக்கே போகலாமா தெற்கே போகலாமா என்று பார்த்தேன். மேலும் இல்லை, கீழும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் நடை ஒன்றுதான். இருட்டும்முன் இரண்டு இடத்திலாவது கேட்டுவிட வேண்டும் என்று நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. முரளி சார். மூச்சு வாங்க இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார்.

“என் ஃப்ரெண்ட் ஒருத்தர், பேங்க்ல இருக்கார். ராஜகீழ்ப்பாக்கத்துல வீடு கட்டறார். கம்பி, சிமெண்ட் எல்லாம் இறங்கியாச்சு, ராத்திரில காணாமப் போகுதாம். வாட்ச்மேன் வேணும். சிமெண்ட் ஷெட்ல படுத்துக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கு.”

“சிலோன்னு சொல்லியிருங்க சார். பொறவு தெரிஞ்சா வம்பு.”

“சொல்லிட்டேன். இப்பதான் பூத்துல இருந்து ஃபோன்லயே சொல்லிட்டேன். முழிச்சிருப்பாரான்னு மட்டும்தான் கேட்டார். மூணு மணி நேரம் கண்ணை இமைக்கலைன்னேன்.” பிறகு சிரித்துக்கொண்டே, “ஆனா ஒண்ணு. அங்க நீங்க பிதான் அமுக்கணும்” என்றார்.

“அமுக்குறேன் சார்” என்றேன். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலையை ஏற்றுக்கொண்டேன். மனை புதிதாக அளந்து கல் நட்டது. சுவர் இன்னும் எழவில்லை, கேட்டும் இல்லை. ரோட்டுப் பக்கம் இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, நடுவில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போகும் அவசரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார்: “யார் வந்தாலும் என்னைக் கேக்காம உள்ள விடாதீங்க. தண்ணி வேணும்பாங்க, அட்ரஸ் கேப்பாங்க, யாரையும் விடாதீங்க.” தலையாட்டினேன். அவர் போய்விட்டார். கயிற்றுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே நின்றால் என் வீடு போலத் தெரிந்தது, வெளியே நின்றால் வழிப்போக்கன் போலத் தெரிந்தது. கயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதல் ஆள் ரோட்டு முனையில் திரும்பி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.