சிறுகுறிஞ்சான் மென்ற வாய்

பெருமாள் பாயாசக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். சூடு தெரிந்தது. ஏலக்காய் மணத்தது. சுக்கு லேசாக உறைத்தது. இனிப்பு இல்லை. இன்னும் இரண்டு உருண்டை மண்டைவெல்லத்தைத் தட்டி உருளியில் போட்டுக் கிளறினார். மறுபடி நக்கினார்.

தென்காசிக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேளம் நின்றுவிட்டது. முதல் பந்திக்கு இலை போடுகிறார்கள்.

"அண்ணாச்சி, வெல்லம் அப்பமே போட்டாச்சுல்லா? திரும்பப் போடுதீங்க?" தேங்காய் துருவிக்கொண்டிருந்த சொக்கம்மாள் கேட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க கொண்டாந்த வெல்லம்ட்டீ. கடையத்துல அவங்க வயக்கரும்புல காச்சுனதாம். சாரமே இல்ல."

சொன்ன பிறகுதான் சட்டைப்பை ஞாபகம் வந்தது. அதிலிருந்த சிறுகுறிஞ்சான் இலைகளில் ஒன்று குறைந்திருக்கும்.

சிவனணைந்தபெருமாள் மேலகரத்துக்காரர். சுற்றுவட்டாரத்தில் சைவக் கல்யாணம் என்றால் அவர் கரண்டிதான். சர்க்கரை வந்தபோது டாக்டர் மாத்திரை எழுதி, இனிப்பைத் தொடக் கூடாது என்றார். சமையல்காரனிடம் சொல்கிற பேச்சா அது. பாகும் பாயாசமும் அவர் நாக்கைத் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டும். அதோடு ஆசை வேறு. யாரும் பார்க்காதபோது பூந்தியை அள்ளுகிற கை.

குற்றாலத்தில் ஷமீம் பானு நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களுக்கு ஒரு சிறுகுறிஞ்சான் இலையை மெல்லக் கொடுப்பாள். பிறகு ஒரு சிட்டிகை சீனி. இனிக்காது; மணலைத் தின்றது போல முகம் போகும். கூட்டம் சிரிக்கும். பெருமாளும் மென்றார். அவர் சிரிக்கவில்லை.

"மாத்திரைய விட்டுராதீங்க அண்ணாச்சி," என்றாள் அவள். "டாக்டர்ட்ட கேட்டுட்டு, அதுகூடச் சேத்துத் திங்கிற சாமான் இது. ஆராய்ச்சி நடக்குதுங்காங்க. சுகர் தீந்து போச்சுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் வந்து சொன்னதில்ல."

பாதியைத்தான் காதில் வாங்கினார். வீட்டு வேலியில் அந்தக் கொடியைப் படரவிட்டார். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது: நாக்குக்குத் தெரியாத இனிப்பு ரத்தத்துக்கும் தெரியாது. மாத்திரை டப்பா அலமாரியில் பின்னுக்குப் போனது. வேலைக்குப் போகும் இடத்தில் பாயாசத்தை ருசி பார்த்து இறக்கிய பிறகு ஓர் இலையை மெல்லுவார். அப்புறம் பழக்கத்தில் வாய்க்குப் போகிற பூந்தி கணக்கில் சேராது.

இன்று லட்டுத் தட்டுகளை அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார்கள். கை பரபரத்தது. பாயாசத்துக்கு முன்பே இலை வாய்க்குள் போய்விட்டது.

சொக்கம்மாளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் கரண்டியை வேறு நாக்கு தொட்டதில்லை. உருளியைச் சுற்றி வந்தார். தண்ணீர் குடித்தார். வாளியோடு பரிமாறுகிறவர்கள் வந்து நின்றார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

எச்சில் இலைகள் பின்கட்டுக்கு வந்தன. இலைக்கு இலை பாயாசம் அப்படியே கிடந்தது. பின்னாலேயே பெண்ணின் அப்பா பால்வண்ணநாதன் வந்தார்.

"என்னவே இது? பாயாசமா, பாகா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு வாய் வச்சுட்டு எலைய மூடிட்டுப் போறாங்க. நாளைக்கு மறுவீடு. சொதிய உம்ம நம்பி விடவா, வேற ஆள் சொல்லவா?"

இந்த வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியை வைத்துத்தான் சமையல்காரனுக்குப் பெயர். அதைப் பாதியில் பறிகொடுத்தவனை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"ரெண்டாம் பந்திய நேராக்கும், பாப்போம்," என்று அவர் போனார்.

சொக்கம்மாள் எழுந்து வந்து கரண்டியை எடுத்தாள். பெருமாள் தடுக்கவில்லை.

"ஐயய்ய! தொண்டை கரகரங்குது. எறும்பே ஓடிரும் அண்ணாச்சி."

சட்டைப்பையிலிருந்து வதங்கிய இலைகளை எடுத்துக் காட்டினார். அவளுக்கு அந்த இலையைத் தெரியும்.

"நாக்குக்கு லீவு குடுத்துட்டு வெல்லத்த வைஞ்சீகளாக்கும்?"

"இனிப்பு தெரியலன்னா ஒடம்புல சேராதுன்னு..."

"நாக்கத்தான ஏமாத்துனீங்க? முழுங்குனது எங்க போவும்? வயிறு கண்ண மூடிட்டா இருக்கு?"

பெருமாள் பருப்பு வேகப் போட்டார். உருளியில் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். வெந்த பருப்பும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிளறினார். அவள் பார்த்தாள்.

"போதுமா?"

"இன்னும் பால் விடுங்க."

"இப்ப?"

"இப்பச் சரி. கிண்டுத வேலைய மட்டும் பாருங்க."

இரண்டாம் பந்தியின் இலைகளில் பாயாசம் வழித்துக் காலியாகியிருந்தது. பால்வண்ணநாதன் வாசலில் தலையை நீட்டி, "நாளைக்கு வெள்ளன வந்துரும்," என்றார்.

பெருமாளால் உட்கார முடியவில்லை. கால் எரிந்தது. மறுபடி தாகம். மாற்றி வைத்திருந்த பழைய பாயாசத்தில் ஒரு விரல் தொட்டு வைத்தார். நாக்கு திரும்பியிருந்தது. தொண்டை கமறியது. காலையிலிருந்து இதைத்தான் உள்ளங்கை உள்ளங்கையாக நக்கியிருந்தார்.

மறுநாள் சாரல் இல்லை. பெருமாள் சீக்கிரமே வந்துவிட்டார். தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பு வேகவைத்து, காய் போட்டுச் சொதி வைத்தார். சொக்கம்மாள் இஞ்சித் துவையல் அரைத்தாள். அவர் சொதியை ருசி பார்த்தார். பாயாசத்தை அவள் பார்த்தாள். மூன்று மணிக்குள் பந்தி முடிந்தது. அவர் பஸ் ஏறி டாக்டரிடம் போனார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை போன தடவையைவிடக் கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்தியதையும் இலையையும் சொன்னார். டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டு, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மேலகரம் போனார்.